பல்லுக்காரர் வீட்டுப் பாஸ்போர்ட் படம்

அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் பல்வலி வந்தால் நேராக அவர் கடைக்குத்தான் போவார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் இருக்காரா?" என்று கேட்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கடையின் கண்ணாடி முகப்பு முழுக்கப் பல். பால் பல், தெத்துப் பல், கட்டின பல், பல்லே இல்லாத பொக்கை வாய் என்று வகைவகையாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும்போது, மேலே 'ஸ்டூடியோ' என்று எழுதியிருக்கும் பலகையை யார் நிமிர்ந்து படிக்கப் போகிறார்கள்? ஊர் அவருக்குப் பல்லுக்காரர் என்று பேர் வைத்துவிட்டது. அவருக்கு அதில் கோபமே கிடையாது, உள்ளூரப் பெருமைதான்.

அவர் படம் எடுத்தால் எப்பேர்ப்பட்ட உம்மணாமூஞ்சியும் சிரித்துவிடும். அதற்கு அவர் வைத்திருந்த ஆயுதம் ஒரு சத்தம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, மூக்கால் காற்றை இழுத்து, உதட்டைப் பிதுக்கி அதைப் போடுவார். ஜலதோஷம் பிடித்த ஆட்டுக்குட்டி தும்மப் போகிற நேரத்தில் யாரோ அதன் வாலை மிதித்துவிட்டால் எப்படிக் கத்துமோ, கிட்டத்தட்ட அப்படி இருக்கும். 'ப்ர்ர்ஹீக்!' எழுத்தில் இவ்வளவுதான் வரும். நேரில் கேட்டவர்கள் இதைப் படித்துவிட்டு, "இது என்ன, பாதிகூட இல்லை" என்பார்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் அழுகிற குழந்தைகளுக்காகக் கண்டுபிடித்தது அது. நாளாக நாளாக அவருடைய விரலும் வாயும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. விரல் கேமராப் பொத்தானை நோக்கிப் போகும்போதே வாய் முந்திக்கொண்டு கத்திவிடும், எதிரே சிரிப்பு வெடிக்கும், விரல் அழுத்தும். இந்த வரிசை மாறியதே இல்லை. ஒருமுறை லிஃப்டில் மூன்றாவது மாடிக்குப் பொத்தானை அழுத்தப் போனபோதும் சத்தம் வந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் இரண்டாவது மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போனார்கள். இன்னொரு முறை ஒரு தலைமையாசிரியரின் பணி ஓய்வு நாள் குரூப் போட்டோ. முப்பது வருஷமாகச் சிரிக்காத மனிதர் என்று எல்லாரும் எச்சரித்திருந்தார்கள். அவர் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று முன்வரிசைக் கணக்கு டீச்சரின் மடியில் விழுந்தது. அந்தப் படம்தான் முகப்பில் நடுநாயகமாக இருக்கிறது.

அவருக்குக் கல்யாணம் ஆன கதையும் இதே சத்தத்தில்தான் தொடங்குகிறது. மருந்துக்கடை வேலைக்கு மனுப் போட ஒரு பெண் படம் எடுக்க வந்தாள். அடக்கமாக உட்கார்ந்தாள். சத்தம் வந்தது. மனுவில் ஒட்டிய படத்தில் அவள் தலை பின்னால் சாய்ந்து, கண் இடுங்கி, அண்ணம் வரை தெரிந்தது. "இந்தப் படத்தைப் பாத்து யாருங்க எனக்கு வேலை குடுப்பாங்க?" என்று சண்டை போடத் திரும்பி வந்தாள். அந்தச் சண்டையையும் அவர் படம் எடுத்தார். மருந்துக்கடை முதலாளி என்ன நினைத்தாரோ, வேலை கொடுத்துவிட்டார். அவளும் இவருக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாள்.

இந்த மனிதர் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் கேமராவும் கூடவே வரும். அவர்கள் வீட்டில் எந்தக் காரியமும் ஒரே தடவையில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. பாலைப் பாத்திரத்தில் ஊற்றினால், "வெளிச்சம் நல்லா இருக்கு, இன்னொரு தடவை ஊத்து." சின்னவன், அதாவது வாண்டு, முதல் அடி எடுத்து வைத்தபோது கேமராவில் பேட்டரி இல்லை. பேட்டரி மாற்றி, குழந்தையைப் பழைய இடத்துக்கே தூக்கிப்போய் நிறுத்தி, முதல் அடியை மறுபடி வைக்கச் சொன்னார். அவன் நாலு முறை முதல் அடி வைத்தான். அவன் அக்கா பெரியவள் கொட்டாவி விட்டால்கூட ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள். மனைவிக்கோ, கல்யாணமான நாளிலிருந்து ஒரு சண்டையையாவது கடைசி வரை போட்டு முடிக்க வேண்டும் என்று ஆசை. அவள் மூச்சை இழுத்து இடுப்பில் கைவைத்ததும், "அப்படியே நில்லு, அந்தக் கோபம் பிரமாதமா இருக்கு" என்பார். ப்ர்ர்ஹீக். அவ்வளவுதான், சண்டை அவுட்.

பயணம் கிளம்பினால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை ரயிலில் எல்லாரும் ஏறி உட்கார்ந்தபிறகு, ஏறுகிற காட்சி சரியாக வரவில்லை என்று மூன்று பேரையும் இறக்கி மறுபடி ஏறச் சொன்னார். இறங்கினார்கள். ரயில் போய்விட்டது. பெட்டிகள் மட்டும் சௌகரியமாக ஊர் போய்ச் சேர்ந்தன. மலைக்குப் போனார்கள், கடலுக்குப் போனார்கள், அருவிக்குப் போனார்கள். ஆல்பத்தைப் புரட்டினால் எது மலை எது கடல் என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லாப் படத்திலும் முன்னால் மூன்று வாய் திறந்திருக்கும். பின்னால் கொஞ்சம் நீலம் தெரியும்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வந்த சோதனை, மனைவியின் தங்கையிடமிருந்து வந்தது. தங்கை வேறு நாட்டில் இருந்தாள். பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. ரொம்ப நாள் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒரு குழந்தை தங்கியிருந்தது. "அக்கா, பிரசவத்துக்கு நீ பக்கத்துல இருக்கணும். எனக்கு வேற யாரு இருக்கா?" என்று போனில் கேட்டுவிட்டாள். மனைவி அன்றைக்கே லீவு சொல்லிவிட்டாள், பெட்டியைக்கூட இறக்கித் துடைத்துவிட்டாள். நாலு பேருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். அதற்கு நாலு பேருக்கும் படம் வேண்டும்.

"படமா? அது ஒரு பெரிய விஷயமா?" என்றார் பல்லுக்காரர்.

முதல் தடவை கொண்டுபோன படங்களைப் பாஸ்போர்ட் ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "சார், சிரிக்கக் கூடாது. வாய் மூடியிருக்கணும், நேரா பாக்கணும். இவங்க மூணு பேரும் சிரிக்கறாங்க, அது போகட்டும். நீங்க எதுக்கு உதட்டைக் குவிச்சுட்டு இருக்கீங்க? யாருக்கு முத்தம்?"

தன்னைத் தானே எடுக்க அவர் டைமர் வைப்பது வழக்கம். டைமர் கடைசியாக ஒரு 'பீப்' போடும். அதைக் கேட்டதும் வாய் கத்தத் தயாராகிவிடும். இதை அந்த அம்மாளிடம் எப்படி விளக்குவது? படங்களை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இரண்டாவது தடவை வாய்க்குள் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு எடுத்தார். சத்தம் மூக்கு வழியாக வந்தது. அது பழையதைவிட நன்றாக இருந்ததால் வாண்டு முக்காலியிலிருந்து உருண்டு விழுந்தான். மூன்றாவது தடவை கேமராவை மனைவி கையில் கொடுத்துவிட்டு அவர் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி, "ரெடி" என்றாள். கதவுக்குப் பின்னாலிருந்து ப்ர்ர்ஹீக்.

"அப்பா, வேணும்னே பண்றீங்களா?" என்று கத்தினாள் பெரியவள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே.

"சத்தியமா இல்லம்மா! அதுவா வருது!"

சத்தமே போடாவிட்டாலும் பயன் இல்லை என்பது நாலாவது தடவையில் தெரிந்தது. சத்தம் வரப் போகிறது, வரப் போகிறது என்று காத்திருந்தே பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து பழகின முகம், கேமராவைக் கண்டால் மலராமல் என்ன செய்யும்? உள்ளதில் கொஞ்சம் குறைவாகப் பல் தெரிந்த படங்களைப் பொறுக்கிக் கொண்டுபோனார். அந்த அம்மாள் இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை.

"சார், இது கல்யாண ஆல்பம் இல்லை. இன்னும் ஒரு தடவைதான் நான் வாங்கிப் பாக்க முடியும். அதுலயும் சரியில்லைன்னா உங்க மனு வரிசையில கடைசிக்குப் போயிடும். அப்புறம் என்கிட்ட கோபப்படாதீங்க."

வரிசையில் கடைசி என்றால் தங்கையின் குழந்தை தவழ ஆரம்பித்த பிறகுதான் போய்ச் சேரலாம்.

அன்று சாயங்காலம் மனைவி தீர்மானமாகச் சொன்னாள். "நாளைக்குக் கப்சிப் கடைக்குப் போறோம்."

பல்லுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஸ்போர்ட் ஆபீசுக்கு எதிர்வாடையில் இருந்த போட்டோக் கடைக்காரருக்குத்தான் கப்சிப் என்று பேர். அடையாள அட்டைப் படம் மட்டுமே எடுப்பார். ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தை பேசினால் அதிகம். அவர் எடுத்த படத்தில் இதுவரை ஒருவரும் சிரித்ததில்லை. "அவன் எடுத்தா கல்யாண மாப்பிள்ளைகூடத் தேடப்படும் குற்றவாளி மாதிரி இருப்பான்" என்று பல்லுக்காரர் ஒருமுறை நாலு பேர் முன்னால் சொல்ல, அது ஊர் முழுக்கப் பரவி, அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"போட்டோக்காரன் குடும்பம் இன்னொருத்தன் கடையில போய் உக்கார்றதா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. அதுக்குத்தானே நீங்க இவ்வளவு நாளும் பாடுபட்டீங்க?" என்றாள் மனைவி.

அவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி கோபமாகப் படுத்தார். மானம் போகிற விஷயம், அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியுமா?

மறுநாள் காலை மனைவி மறந்துவிட்டுப் போன கைப்பையைக் கொடுக்க மருந்துக்கடைக்குப் போனார். முன்னால் அவளைக் காணோம். மாத்திரை அலமாரிக்குப் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வந்துடுவேன்டி... இல்லடி, இவரு என்ன பண்ணுவாரு பாவம். ஆபீஸ்ல ஏதோ மிஷின் கோளாறாம். படம் எல்லாம் தெளிவா ஏற மாட்டேங்குதாம்... அழாதடி. நீ அழுதா உள்ள இருக்கறதும் அழும். நான் வராம இருப்பேனா?"

பேசி முடித்த பிறகும் அவள் வெளியே வரவில்லை. அலமாரியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். வீட்டில் அத்தனை சண்டைக்கு வந்தவள், தங்கையிடம் தன்னை விட்டுக்கொடுக்காமல் மிஷின் மேல் பழியைப் போட்டுவிட்டாளே என்று பல்லுக்காரருக்கு வெட்கமாக இருந்தது. கைப்பையை மேஜை மேல் வைத்துவிட்டு, "மத்தியானம் பர்மிஷன் போடு. கப்சிப் கடைக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார்.

கப்சிப் கடை ஒரு முக்காலி, ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, அவ்வளவுதான். பொம்மை இல்லை, பூந்தொட்டி இல்லை. பல்லுக்காரர் குடும்பத்தோடு வாசலில் வந்து நின்றதைக் கண்டு கப்சிப்பின் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. "வாங்க" என்றார். அன்றைய இரண்டு வார்த்தையில் ஒன்று செலவாகிவிட்டது.

"நீங்க வெளிய நில்லுங்க. வாயைப் பொத்திக்கிட்டு நில்லுங்க" என்றாள் மனைவி. பல்லுக்காரர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தெருவில் போன ஒருவர் நின்று, "பல் வலிங்களா?" என்று விசாரித்தார். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

உள்ளே வாண்டு முக்காலியில் ஏறி உட்கார்ந்ததுமே சிரிக்க ஆரம்பித்தான். கப்சிப் ஒன்றும் சொல்லவில்லை. அதட்டவில்லை, கெஞ்சவில்லை, "நல்ல பையன் இல்ல?" என்றுகூடக் கேட்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாண்டு சிரித்துக்கொண்டே சத்தத்துக்காகக் காத்திருந்தான். சத்தம் வரவில்லை. திரையைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், காலை ஆட்டினான், காலை ஆட்டுவதையும் நிறுத்தினான். சிரிப்பு தானாக வடிந்து, வாய் மூடிக்கொண்டது. அப்போதுதான் கப்சிப்பின் விரல் அசைந்தது. வெளியே, இரண்டு உள்ளங்கைக்கும் உள்ளே, அமுங்கிய ஒரு ஹீக் கேட்டது. நல்லவேளை, கதவு கனமான கதவு.

பெரியவளும் அப்படித்தான். அப்புறம் மனைவி. மூன்றும் முடிந்து, கப்சிப் படங்களை எடுத்து மேஜையில் வைத்தபிறகு பல்லுக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள்.

அவர் தொழில்காரர் பார்வையோடுதான் குனிந்தார். வெளிச்சம் ஒரு பக்கம் தூக்கல், திரையில் சுருக்கம் என்று நாலு குறையாவது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. பெரியவளின் படத்தைக் கையில் எடுத்தார். எடுத்தவர் வைக்கவில்லை.

படத்தில் ஒரு பெண் இருந்தாள். வாய் மூடியிருந்தது. கீழுதடு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. நெற்றியில் யோசனை இருந்தது. தானாகவே எதையோ தீர்மானம் செய்துவிட்ட முகம். கன்னத்தில் குழந்தைச் சதை எங்கேயும் இல்லை. ஆயிரக்கணக்கில் மகளைப் படம் எடுத்தவருக்கு இந்த முகத்தை எங்கேயும் பார்த்த ஞாபகம் வரவில்லை.

"இவ எப்ப இருந்து இப்படி இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எப்பவுமே இப்படித்தான் இருப்பா" என்றாள் மனைவி. "நீங்க கேமராவைத் தூக்காத நேரம் எல்லாம் இப்படித்தான். பாடம் படிக்கும்போது, பஸ்ல ஜன்னல் பக்கம் உக்காந்து வரும்போது. அப்படியே என் தங்கச்சி முகம். அவ கல்யாணத்தப்ப நீங்க எடுத்த படத்துல எல்லாம் அவ வாயைத் திறந்து சிரிச்சுட்டுத்தானே இருக்கா? ஒண்ணுலயாவது அவ முகம் இருக்கா? ஆறு வருஷமா, அவளைப் பாக்கணும்னு தோணும்போதெல்லாம் நான் இவளைத்தான் பாத்துக்கறேன்."

சண்டை போடும் குரலில் சொல்லவில்லை, மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று கடையில் சொல்லும் குரலில்தான் சொன்னாள். பல்லுக்காரருக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒரு நாள்கூட விடாமல் படம் எடுத்துக்கொண்டு, மகள் வளர்ந்ததைத் தவறவிட்ட அப்பன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். பெரியவள் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னப்பா, நல்லா இல்லையா?" என்றாள்.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு."

"அடுத்து" என்றார் கப்சிப்.

எல்லாரும் பயந்தது இவர் முறைக்குத்தான். எதிரே ஒரு விரல் பொத்தானை நோக்கிப் போவதைக் கண்டால் அந்த வாய் சும்மா இருக்குமா? மனைவி வாண்டுவைப் பிடித்துக்கொண்டாள், வாண்டு தன் வாயைப் பிடித்துக்கொண்டான். பல்லுக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். கேமராவுக்குப் பக்கத்தில் பெரியவள் கைகட்டி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கீழுதட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு. அவரும் அவளையே பார்த்தார். கப்சிப்புக்கு நகத்தைப் பார்க்கவே தேவைப்படவில்லை. விரல் போனது, போய் அப்படியே நின்றது. சத்தம் வரவில்லை. ஆனாலும் கப்சிப் அழுத்தாமல் நிமிர்ந்தார்.

"கண்ணைத் துடைச்சுக்குங்க. ஈரம் இருந்தா லைட் பட்டு மின்னும், திருப்பி அனுப்பிடுவாங்க."

அந்தக் கடைக்குப் பல வருஷமாக வருகிறவர்கள்கூட அவர் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை. பல்லுக்காரர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி நேராக உட்கார்ந்தார். ஒரே தடவை. கிளம்பும்போது கப்சிப்பின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கப்சிப்பும் பரவாயில்லை என்பது போலத் தலையை ஆட்டினார்.

நாலு பேருமாகச் சாலையைக் கடந்து கவுன்ட்டருக்குப் போனார்கள். அந்த அம்மாள் இவர்களைக் கண்டதுமே பெருமூச்சு விட்டார். படங்களை வாங்கி ஒவ்வொன்றாக மேஜையில் வரிசையாக வைத்தார். வாண்டு, பெரியவள், மனைவி, பல்லுக்காரர். ஒரு முகத்திலும் ஈ ஆடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"வீட்ல ஏதாவது துக்கமாங்க?"

"அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றாள் மனைவி. முத்திரை காகிதத்தின் மேல் விழுந்த சத்தம் கேட்டதும், கவுன்ட்டர் என்றும் பார்க்காமல், வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய் கொள்ளாமல் சிரித்தாள். "என் தங்கச்சியப் பாக்கப் போறேங்க."